அம்பின் மேல் என்ன எழுதுவது? சென்னைத் தண்ணீரை வைத்து ஒரு கருத்து வரைபடம்

எட்டாம் வகுப்பில், மூன்று பீரியடில், நான்கு பேர் கொண்ட குழுக்களாகப் போடவைக்கும் வரைபடம் இது. மையக் கேள்வி: "சென்னையில் ஒரு வீட்டுக்குத் தண்ணீர் எந்தெந்த வழியில் வருகிறது? ஒரு வழி அடைபட்டால் மற்ற வழிகள் என்ன ஆகும்?" இரண்டாவது பாதி கட்டாயம் வேண்டும். முதல் பாதியோடு நிறுத்தினால் பிள்ளைகள் ஏரிகளின் பெயர்ப் பட்டியலை எழுதிவிட்டு முடித்துவிட்டோம் என்பார்கள். "சென்னைக் குடிநீர்" என்று வெறும் தலைப்பைக் கொடுப்பது இன்னும் மோசம். எதைச் சேர்க்கலாம், எதை விடலாம் என்பது அவர்களுக்கும் தெரியாது, திருத்துகிறவருக்கும் தெரியாது.

தமிழ்நாட்டு ஆசிரியர்களுக்குப் படைப்பாற்றல் கல்வி வழியாக மன வரைபடம் நன்றாகப் பழக்கம். நடுவில் தலைப்பு, சுற்றிலும் கிளைகள், கிளைகளில் சொற்கள். கருத்து வரைபடத்தையும் அதே கையோடு போடச் சொல்வதில்தான் முதல் கோளாறு தொடங்குகிறது. கருத்து வரைபடத்தில் இரண்டு பெட்டிகள், நடுவே ஓர் அம்பு, அம்பின் மேல் ஓர் இணைப்புச் சொல். மூன்றையும் சேர்த்து வாய்விட்டுப் படித்தால் ஒரு கூற்று வரவேண்டும். அந்தக் கூற்று சரியா தவறா என்று வாதாட முடியவேண்டும். அம்பு வெறுமையாக இருந்தால் தவறு செய்யவே வாய்ப்பில்லை. எனவே பிள்ளை என்ன நினைக்கிறது என்று தெரிந்துகொள்ளவும் வாய்ப்பில்லை.

இந்த முறை பிறந்ததே அதற்காகத்தான். 1972இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஜோசப் நோவாக்கின் குழு, சிறுவர்களின் அறிவியல் புரிதல் ஆண்டுக்காண்டு எப்படி மாறுகிறது என்று பேட்டி எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தது. பேட்டிகள் பக்கம் பக்கமாகக் குவிந்தன. அவற்றில் மாற்றத்தைக் கண்டுபிடிப்பது பெரும்பாடாக இருந்தது. ஒரு குழந்தை சொன்னதைப் பெட்டியும் இணைப்புச் சொல்லுமாகச் சுருக்கி வரைந்தபோது மாற்றம் கண்ணுக்குத் தெரிந்தது. பின்னால் இருந்தது கல்வி உளவியலாளர் டேவிட் ஆசுபெல்லின் கோட்பாடு: புதிய பாடம் எதில் போய் ஒட்டும் என்பதைத் தீர்மானிப்பது, கற்பவருக்கு ஏற்கெனவே தெரிந்திருப்பதுதான். ஆகவே இது முதலில் ஆசிரியர் பார்ப்பதற்கான கருவி. சுவரில் ஒட்டும் அலங்காரமாக மாறும்போது வேலை செய்வதை நிறுத்திவிடுகிறது.

பொருள்கள்

ஒரு குழுவுக்கு: 22 × 28 அங்குல சார்ட் பேப்பர் ஒன்று, 8 × 4 செ.மீ. அட்டைத் துண்டுகள் 25. 10 × 2 செ.மீ. வெள்ளைக் காகிதப் பட்டைகள் 30. பென்சில் இரண்டு, ரப்பர், அரை அங்குல பேப்பர் டேப் ஒரு சுருள், ஆளுக்கொரு நிறத்தில் ஸ்கெட்ச் பேனா நான்கு.

அட்டைக்குப் பழைய கல்யாணப் பத்திரிகை மிக நன்றாக உதவும். கனமாக இருக்கும், ஒரு பக்கம் வெறுமையாக இருக்கும், வீட்டுக்கு வீடு கிடைக்கும். தினசரி காலண்டர்த் தாளின் பின்பக்கத்தையும் சிலர் பயன்படுத்துகிறார்கள். ஸ்கெட்ச் மை மறுபக்கம் ஊறி இறங்கிவிடும், பென்சிலுக்கு மட்டும் சரி. பூச்சும் மினுமினுப்பும் உள்ள அட்டையில் மை காயாமல் கையில் ஒட்டும், அதை ஒதுக்கிவிடுங்கள். நிறையத் தேவைப்பட்டால் பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் வெட்டு அட்டை வாங்கலாம்.

ஒட்டும் சீட்டுகளை எல்லாக் கையேடுகளும் சொல்கின்றன. சென்னை வகுப்பறையில் அவை நிற்பதில்லை. சுண்ணாம்புச் சுவரின் பொடி பசையில் அப்பிக்கொள்ளும், காற்றின் ஈரப்பதம் மீதியைக் கெடுக்கும், மேலே மின்விசிறி முழு வேகத்தில் சுற்றும். சுவரை மறந்துவிட்டு சார்ட்டைத் தரையில் விரியுங்கள். நான்கு முனைக்கும் டேப். அட்டையின் பின்னால் டேப்பைச் சின்ன வளையமாகச் சுருட்டி ஒட்டினால், பல முறை பிய்த்து ஒட்டலாம். பசை பாட்டிலைக் கண்ணில் காட்டவே வேண்டாம். ஒட்டிய அட்டையை யாரும் நகர்த்த மாட்டார்கள். நகர்த்தாத வரைபடம் முதலில் தோன்றிய எண்ணத்தோடு நின்றுவிடும்.

இணைப்புச் சொல்லுக்கென்று தனிப் பட்டை வைப்பது இந்த வேலையின் உயிர்நாடி. விதி ஒன்றே: பட்டை இல்லாமல் அம்பு இல்லை. முதலில் சொல் எழுதிய பட்டை இரண்டு அட்டைகளுக்கு நடுவே வரவேண்டும், அதன் பிறகே பென்சில் கோடு.

தமிழில் இணைப்புச் சொல்

ஆங்கிலத்தில் வினை நடுவில் நிற்பதால் பெட்டி, அம்பு, பெட்டி என்ற அமைப்பு அதற்கு அப்படியே பொருந்திவிடும். தமிழில் வினை கடைசியில் வரும், வேற்றுமை உருபு பெயரோடு ஒட்டிக்கொள்ளும். "ஏரித் தண்ணீரைச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு அனுப்புகிறார்கள்" என்பதை இரண்டு பெட்டிகளுக்கு நடுவே பிளந்து வைக்க முடியாது. தமிழ்வழி வகுப்புகளில் அம்புகள் வெறுமையாகக் கிடப்பதற்கு இது பெரிய காரணம். பிள்ளைக்குத் தொடர்பு தெரியும், எழுதத்தான் வழி தெரியவில்லை.

மூன்று அச்சுகளைப் பழக்கினால் போதும்.

பெயரெச்சத்தோடு ஒரு சிறு பெயர்: வழி, இடம், காரணம், வாயு, பொருள். "ஏரி → நீரை இழக்கும் வழி → ஆவியாதல்." படித்தால் முழு வாக்கியம். பெரும்பாலான தொடர்புகளை இந்த ஒரே அச்சில் வார்த்துவிடலாம்.

நிபந்தனை: "நீராவி → குளிர்ந்தால் → நீர்த்துளி." மாற்றங்களுக்கும் காரண காரியத்துக்கும் இதுவே நல்லது. என்ன நடந்தால் என்று பிள்ளை சொல்லியே ஆகவேண்டும், மழுப்ப இடமில்லை.

'வது' ஈறு: "மழை → நிரப்புவது → ஏரி." குட்டையானது, ஆனால் இதையே எல்லா இடத்திலும் போட்டால் தொடர்புகள் எல்லாம் ஒரே மாதிரி ஆகிவிடும்.

முதல் பெட்டிச் சொல்லுக்கு உருபு வேண்டியிருந்தால், அதைப் பட்டையின் தொடக்கத்தில் ஒரு சிறு கோட்டோடு எழுதச் சொல்லுங்கள்: "ஏரி → -யிலிருந்து நீர் போகும் இடம் → சுத்திகரிப்பு நிலையம்." இரண்டாம் பெட்டிக்குப் பின்னால் வினையை வால் மாதிரி தொங்கவிடும் பழக்கத்தை ஆரம்பத்திலேயே நிறுத்துங்கள். ஒரு பெட்டிக்கு ஓர் அம்பு வரும்வரை அது சரியாகத் தெரியும். மூன்று அம்புகள் வந்து சேர்ந்ததும் எந்த வால் எந்த அம்புக்கு என்று யாருக்கும் புரியாது.

"தொடர்புடையது", "சம்பந்தப்பட்டது", "உண்டு", "பயன்படும்" ஆகிய சொற்களுக்குத் தடை. எந்த இரண்டு பொருளுக்கு நடுவேயும் இவை உட்காரும் என்பதால் எதையும் சொல்வதில்லை.

முதல் பீரியட்

நேராகத் தண்ணீருக்குப் போக வேண்டாம். பத்து நிமிடம் இட்லி மாவில் பழகட்டும். மாவு, நுண்ணுயிரி, கார்பன் டை ஆக்சைடு, வெப்பம், புளிப்பு என்று ஐந்து அட்டைகள். "மாவு → புளிக்கக் காரணம் → நுண்ணுயிரி", "நுண்ணுயிரி → வெளியிடும் வாயு → கார்பன் டை ஆக்சைடு", "கார்பன் டை ஆக்சைடு → உப்பச் செய்வது → மாவு." மூன்று அம்பு சேர்ந்து வட்டமாகிவிட்டதைப் பிள்ளைகளே கவனிப்பார்கள். சித்திரை வெயிலில் மாவு ஏன் சீக்கிரம் பொங்குகிறது என்ற கேள்வியை வைத்தால், வெப்பம் எந்தப் பெட்டிக்குப் போகவேண்டும் என்று சண்டை வரும். மாவுக்கா, நுண்ணுயிரிக்கா? அந்தச் சண்டைதான் இந்த முறை முழுவதும் நமக்கு வேண்டியது.

மீதி நேரத்தில் மையக் கேள்வியைக் கரும்பலகையில் எழுதிச் சொற்களைச் சேகரியுங்கள். சென்னைப் பிள்ளைகளிடம் தண்ணீர் பற்றிச் சொல் திரட்டுவது சிரமமே இல்லை: லாரி, போர், சம்ப், மோட்டார், கேன், ஏரி, ஆர்.ஓ. என்று கொட்டும். அவர்கள் சொன்ன சொல்லையே அட்டையில் எழுதுங்கள். "ஆழ்துளைக் கிணறு" என்று உடனே திருத்தினால் அடுத்த சொல் வராது. பாடநூல் சொல்லைப் பிறகு அதே அட்டையின் கீழே சேர்த்துக்கொள்ளலாம்.

15 முதல் 20 சொற்கள் போதும். 25ஐத் தாண்டினால் ஒரு சார்ட்டில் அடங்காது. அட்டைகளை ஓரத்தில் வரிசையாக அடுக்கி வையுங்கள்; இது காத்திருப்போர் வரிசை. அட்டையில் சொல் அல்லது சொற்றொடர் மட்டும். "மழை பெய்தால் ஏரி நிறையும்" என்று ஓர் அட்டையில் வந்தால், அதைக் கத்தரித்து மழை, ஏரி என்று இரண்டு அட்டைகளாகவும் நிரப்புவது என்று ஒரு பட்டையாகவும் ஆக்கச் சொல்லுங்கள்.

பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம், வீராணம் எல்லாம் எடுத்துக்காட்டுகள், 'ஏரி'தான் கருத்து. எடுத்துக்காட்டுக்குப் பெட்டி கிடையாது. பென்சிலால் கடைசியில் எழுதினால் போதும். இதைச் சொல்லாவிட்டால் பாதி அட்டைகளை ஏரிப் பெயர்களே பிடித்துக்கொள்ளும், உப்பு, ஆவியாதல், நிலத்தடி நீர் போன்றவற்றுக்கு இடமிருக்காது.

இரண்டாம் பீரியட்

அட்டைகள் சார்ட்டுக்கு வருகின்றன. மேலே பொதுவானது, கீழே குறிப்பானது. ஒரு குழுவில் ஒருவன் கையில் பேனா மாட்டிக்கொண்டால் மற்ற மூவரும் வேடிக்கை பார்ப்பார்கள். அதற்காகத்தான் ஆளுக்கொரு நிறம். ஒருவர் வாயால் சொல்லும் கூற்றை மற்றொருவர் தன் நிறத்தில் பட்டையில் எழுதவேண்டும். பீரியட் முடிவில் நிறங்களைப் பார்த்தாலே யார் ஒதுங்கியிருந்தார் என்று தெரிந்துவிடும்.

கெட்டுப்போகும் வடிவங்கள் இரண்டு. ஒன்று விண்மீன்: எல்லா அம்பும் 'தண்ணீர்' என்ற பெட்டியிலிருந்து புறப்படும், பெட்டிகளுக்குள் பேச்சே இருக்காது. 'தண்ணீர்' அட்டையைச் சார்ட்டிலிருந்து எடுத்துவிட்டு மற்றவற்றை இணைக்கச் சொல்லுங்கள், தானாகவே சரியாகிவிடும். மற்றொன்று சங்கிலி: மழை, ஏரி, நிலையம், குழாய், சம்ப், வீடு. நிகழ்ச்சி வரிசையைக் கதையாகச் சொல்லிவிட்டு நின்றுவிடுவது. அதன் நடுவில் உள்ள ஒரு அட்டையைக் கையால் மூடி, "ஏரி வற்றிப்போச்சு, இப்போ?" என்று கேளுங்கள். 2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் வறண்டு போனது வீட்டுப் பேச்சில் இன்னமும் இருக்கிறது. லாரி, போர், கடல்நீர் எல்லாம் புதிய அம்புகளோடு வந்து சேரும்.

இந்தக் கட்டத்தில் சரிபார்க்கத் தகவல் சீட்டு ஒன்றைக் குழுவுக்குக் கொடுங்கள். முன்கூட்டியே கொடுத்தால் அதைப் பார்த்தே வரைவார்கள். சீட்டில் இருக்கவேண்டியவை: கொள்ளளவு மில்லியன் கன அடியில் பூண்டி 3,231, சோழவரம் 1,081, புழல் 3,300, செம்பரம்பாக்கம் 3,645. வீராணத்திலிருந்து குழாய் வழியாக நீர் வரத் தொடங்கியது 2004. கிருஷ்ணா நீர் ஆந்திரத்தின் கண்டலேறு அணையிலிருந்து கால்வாயில் பூண்டிக்கு வந்து சேர்கிறது. முதலில் வந்தது 1996. மீஞ்சூர் கடல்நீர்ச் சுத்திகரிப்பு நிலையம் 2010, நெம்மேலி 2013. இரண்டும் தலா நாளுக்கு 10 கோடி லிட்டர் திறன். வீடுகளில் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானது 2003. இந்தச் சீட்டைப் பார்த்ததும் வழக்கமாகப் பிய்த்து எறியப்படுவது, "கிருஷ்ணா ஆறு → பாயும் ஊர் → சென்னை" என்ற பட்டை.

கடல்நீரும் குடிநீரும்: ஒரு பட்டையைக் கிட்டத்தில் பார்ப்போம்

ஏறக்குறைய எல்லா வகுப்பிலும் வரும் கூற்று: "கடல்நீர் → வடிகட்டினால் → குடிநீர்." அட்டைகள் இரண்டும் சரி, அம்பும் சரியான திசையில்தான் இருக்கிறது. மன வரைபடமாக இருந்தால் முழு மதிப்பெண் விழுந்திருக்கும். கரைந்திருப்பதும் மிதப்பதும் ஒன்றுதான் என்று அந்தப் பிள்ளை நினைப்பதை அந்த ஒரு பட்டைதான் காட்டிக்கொடுக்கிறது.

தவறு என்று சொல்லித் திருத்தாமல் செய்து பார்க்கவிடுங்கள். ஒரு லிட்டர் தண்ணீரில் 35 கிராம் உப்பு, அதாவது தலை தட்டிய தேக்கரண்டியில் சுமார் ஆறு. கடல்நீரின் உப்பு அளவு ஏறத்தாழ இதுதான். அதில் ஒரு சிட்டிகை மணலும் போட்டுக் கலக்கி, நான்காக மடித்த வேட்டித் துணியிலும், பிறகு வடிதாளிலும் ஊற்றுங்கள். மணல் நின்றுவிடும். வடிந்த நீரில் இரண்டு சொட்டை எவர்சில்வர் கரண்டியில் விட்டு மெழுகுவர்த்தி மேல் காட்டினால் வெள்ளைப் படிவு தங்கும். கைப்பிடியில் துணி சுற்றிக்கொள்ளவேண்டும், பிடிப்பது ஆசிரியராக இருக்கட்டும். சுவைத்துப் பார்க்கும் முறை வேண்டாம்.

அதன்பின், சுத்திகரிப்பு நிலையத்தில் உப்பைப் பிரிப்பது சவ்வு என்ற மெல்லிய படலம் என்று சொல்லுங்கள். பட்டையில் வரும் மாற்று: "கடல்நீர் → -ஐ அழுத்தித் தள்ளும் இடம் → சவ்வு", "சவ்வு → தடுத்து நிறுத்துவது → உப்பு", "சவ்வு → கடந்து வருவது → நன்னீர்." ஒரு தவறான பட்டை மூன்று சரியான பட்டைகளாகப் பிரிந்துவிட்டது, 'சவ்வு' என்ற புது அட்டையும் வந்துவிட்டது. வீட்டு ஆர்.ஓ. கருவியில் கடல்நீரை ஊற்றினால் என்ன என்ற கேள்வி அடுத்த நிமிடமே வரும். உப்பு அதிகமாக அதிகமாகத் தள்ளவேண்டிய அழுத்தமும் கூடும். வீட்டுக் கருவியின் பம்புக்கு அந்தத் திராணி கிடையாது. அழுத்தம் என்பதையும் அட்டையாக்கி மின்சாரத்தோடு இணைத்தால், கடல்நீர் ஏன் மலிவான வழி அல்ல என்பதும் வரைபடத்துக்குள் வந்துவிடும்.

குறுக்கு இணைப்புகள்

வரைபடத்தின் ஒரு மூலையை எதிர் மூலையோடு இணைக்கும் அம்புகளுக்கு மூன்றாம் பீரியடை முழுதாக ஒதுக்குங்கள். பட்டை வேறு நிறத்தில் இருக்கட்டும். புரிதல் ஆழமாக இருக்கிறதா என்பது இங்கேதான் தெரியும். இந்தத் தலைப்பில் தேடவேண்டியவை குறைவு, ஆனால் கனமானவை. நிலத்தடி நீருக்கும் கடல்நீருக்கும் நடுவே: "நிலத்தடி நீர் → -ஐ அளவுக்கு மீறி உறிஞ்சினால் உள்ளே வருவது → கடல்நீர்." மீஞ்சூர்ப் பக்கத்துக் கிணறுகள் உப்பானது இப்படித்தான். மழைநீர் சேகரிப்புக்கும் உப்புக்கும் நடுவே: நிலத்தடி நீர்மட்டம் ஏறினால் உள்ளே வந்த கடல்நீர் பின்வாங்கும். ஏரிக்கும் வெள்ளத்துக்கும் நடுவே: செம்பரம்பாக்கத்தின் உபரிநீர் போய்ச் சேருமிடம் அடையாறு, 2015 டிசம்பரைத் தெரிந்த பிள்ளைகள் இதைத் தானாகவே சொல்வார்கள்.

குறுக்கு இணைப்பு இத்தனை வேண்டும் என்று எண்ணிக்கை வைத்தீர்களானால் கணக்குக்காக அம்பு விடுவார்கள். ஒன்றே ஒன்று வந்தாலும் அதை அந்தக் குழு வகுப்புக்கு முன் வாதாடிக் காக்கட்டும்.

மதிப்பெண்

நோவாக்கும் பாப் கோவினும் 1984இல் வெளியிட்ட முறையில் சரியான கூற்றுக்கு 1, பொதுவிலிருந்து குறிப்பானதுக்கு இறங்கும் ஒவ்வொரு படிநிலைக்கும் 5, குறுக்கு இணைப்புக்கு 10, எடுத்துக்காட்டுக்கு 1. ஆராய்ச்சிக்கு அது உதவலாம். நாற்பது பேர் உள்ள வகுப்பில் படிநிலையையும் குறுக்கு இணைப்பையும் கூட்டிக்காட்டும் போட்டியாக அது மாறிவிடும். கூற்றுக்குக் கூற்று மட்டும் பாருங்கள்: தவறு அல்லது வெறுமை 0, சரி ஆனால் மழுப்பல் 1, துல்லியம் 2. ஒரு சார்ட்டில் எல்லாவற்றையும் திருத்த வேண்டியதில்லை; மையக் கேள்விக்கு இன்றியமையாத எட்டு கூற்றுகளை முன்பே முடிவு செய்து அவற்றை மட்டும் தேடினால் போதும். தேர்வு மதிப்பெண்ணோடு சேர்க்காதிருப்பது நல்லது. சேர்த்த அடுத்த வாரமே "மாதிரி வரைபடம் போட்டுக் காட்டுங்க டீச்சர்" என்பார்கள்; காட்டினால் அதை மனப்பாடம் செய்து வந்து எழுதுவார்கள். முழு வரைபடத்தைக் கரும்பலகையில் வரைந்து காட்டுவது இந்த முறையைக் கொல்லும் மிகச் சுலபமான வழி. தடுமாறும் குழுவுக்கு நான்கைந்து பெட்டிகள் மட்டும் உள்ள எலும்புக்கூடு ஒன்றைக் கொடுக்கலாம், மற்றதை அவர்கள் வளர்க்கட்டும்.

கணினியில் போடுவதென்றால் ஐ.எச்.எம்.சி. நிறுவனத்தின் சிமேப்டூல்ஸ் என்ற கருத்து வரைபட மென்பொருள் இலவசம். அம்பை இழுத்ததுமே இணைப்புச் சொல்லுக்கான இடத்தில் கேள்விக்குறிகளைக் காட்டி எழுதச் சொல்லும், அது இந்த வேலைக்கு ஏற்ற குணம். உயர் தொழில்நுட்ப ஆய்வகம் உள்ள பள்ளியில் தமிழ் எழுத்துரு சரியாக வருகிறதா என்று முந்தின நாளே ஒரு பெட்டி தட்டிப் பாருங்கள். முதல் வரைபடம் மட்டும் தாளிலேயே இருக்கட்டும். நான்கு தலைகள் ஒரு சார்ட்டின் மேல் குனிவது ஒரு திரையின் முன்னால் நடக்காது.

பாடம் முடிந்த பிறகு

சார்ட்டின் மூலையில் தேதி எழுதி, நேர் மேலிருந்து போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அட்டைகளைக் கழற்றி ஒரு கவரில் போட்டுவைத்து, பாடம் முடிந்து இரண்டு வாரம் கழித்து அதே அட்டைகளைக் கொடுத்து மீண்டும் போடச் சொல்லுங்கள். பழைய படத்தை அதுவரை காட்டக்கூடாது. இரண்டையும் பக்கத்தில் வைத்தால், மாறாமல் நின்ற தவறான பட்டைகள் எவை என்று தெரியும். அடுத்த பாடத்தை அங்கிருந்து தொடங்கலாம்.

காத்திருப்போர் வரிசையில் எங்கும் இடம் கிடைக்காமல் மிஞ்சும் அட்டைகளைத் தூக்கிப் போடாதீர்கள். இந்தத் தலைப்பில் அநேகமாக எப்போதும் மிஞ்சுவது 'கழிவுநீர்'. வீட்டிலிருந்து வெளியே போகும் அம்பு ஒன்றை வரைந்துவிட்டு அதோடு விட்டுவிடுவார்கள். கோயம்பேட்டிலும் கொடுங்கையூரிலும் தலா நாளுக்கு 4.5 கோடி லிட்டர் கழிவுநீரைச் சவ்வு வழியாகச் செலுத்தித் தொழிற்சாலைகளுக்கு அனுப்பும் நிலையங்கள் இருக்கின்றன. இந்தத் தகவலை மட்டும் சொல்லிவிட்டு, 'சவ்வு' அட்டையைக் காட்டி, பட்டையில் என்ன எழுதுவது என்று குழுவிடமே விடுங்கள். தொழிற்சாலை அந்த நீரை எடுத்துக்கொண்டால் புழல் ஏரிக்கு என்ன ஆகும் என்பதற்கு இன்னொரு பட்டை தேவைப்படும். வெற்றுப் பட்டைகள் குறைந்தது பத்து கூடுதலாக வெட்டி வையுங்கள்.